வாடகைக்குத் தூரிகை

டெல்லி தரியாகஞ்சில் புத்தகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் என் நண்பர் ஒருவர் தொழில் நடத்துகிறார். பூர்வீகம் மாயவரம், 30 வருடங்களாக டெல்லிவாசி. பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுப்பார், அட்டைப் படம் செய்வார், கல்யாண சீசனில் பத்திரிகையும் அடித்துக் கொடுப்பார். இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு உதவியாள். அவ்வளவுதான் நிறுவனம்.

சமீபத்தில் போனபோது மனிதர் முகம் சரியில்லை. நான்கு வருடங்களுக்கு முன் அவர் வடிவமைத்த ஒரு வரலாற்றுப் புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. நூலாசிரியர் 11 திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார். இரண்டு மணி நேர வேலைகூட இல்லை. கோப்பு அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. ஆனால் திறக்க முடியவில்லை. பக்கம் அமைக்கும் மென்பொருளுக்கு அவர் கட்டிவந்த மாதச் சந்தா எட்டு மாதங்களுக்கு முன் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, வேலை குறைவாக இருந்ததால் அவரேதான் நிறுத்தினார்.

“பாருங்க சார், பெட்டி என்னது. உள்ளே இருக்கற துணியும் என்னது. சாவி மட்டும் வேற ஆளுகிட்ட” என்றார்.

எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பது இங்கே முக்கியமில்லை. யாரும் அவரை ஏமாற்றவில்லை. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும் என்று சேரும்போதே எழுதியிருந்தது. இவரும் சம்மதம் தெரிவித்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பெட்டி உவமை என்னை விடவில்லை. படம் வரைபவர்கள், புகைப்படக்காரர்கள், பக்கம் வடிவமைப்பவர்கள், சினிமா எடிட்டர்கள் என்று லட்சக்கணக்கானவர்களின் பிழைப்பு இன்று மாத வாடகைக்கு எடுத்த கருவிகளில் நடக்கிறது. இந்த நிலை எப்படி வந்தது, இதில் எது நியாயம், எது அநியாயம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மென்பொருளைக் கடையில் பெட்டியாக விற்ற காலம் ஒன்று இருந்தது. அட்டைப் பெட்டிக்குள் ஒரு குறுந்தகடு, ஒரு தடிமனான கையேடு. பணம் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். டெல்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் அந்தப் பெட்டி இல்லாமலே நூறு, இருநூறு ரூபாய்க்கு அதே குறுந்தகடு கிடைத்தது என்பது வேறு கதை. 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, டாடா கன்சல்டன்சி சர்வீசஸுக்கும் ஆந்திர அரசுக்கும் இடையிலான வழக்கில், கடையில் விற்கும் இத்தகைய ஆயத்த மென்பொருள் ஒரு ‘சரக்கு’தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று தீர்ப்பளித்தது. அரிசி மூட்டை மாதிரி, சோப்புக் கட்டி மாதிரி, அதுவும் வாங்கி விற்கக்கூடிய ஒரு பொருள். தீர்ப்பு வந்து பத்து வருடங்கள் முடிவதற்குள்ளேயே அந்தப் பொருள் சந்தையிலிருந்து மெல்ல மறைய ஆரம்பித்துவிட்டது.

மாற்றத்தைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தது, போட்டோஷாப் மென்பொருளின் சொந்தக்காரரான அமெரிக்காவின் அடோபி நிறுவனம். ஹைதராபாதில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த சாந்தனு நாராயண் 2007 டிசம்பரில் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவருடைய காலத்தில், 2012ல், ‘கிரியேட்டிவ் கிளவுட்’ என்ற சந்தாத் திட்டம் அறிமுகமானது. முதலில் அது பெட்டியோடு சேர்ந்து இன்னொரு வழியாகத்தான் இருந்தது. 2013 மே மாதம் நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: இனி புதிய பதிப்புகள் சந்தாதாரர்களுக்கு மட்டுமே. சொந்தமாக வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு ‘சிஎஸ்6’.

எதிர்ப்பு பலமாக இருந்தது. முடிவை மாற்றக் கோரிய மனு ஒன்றில் 30,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் அசையவில்லை. அந்த முடிவுக்கு முதலில் அதுவும் விலை கொடுத்தது. 2012ல் சுமார் 83 கோடி டாலராக இருந்த அதன் நிகர லாபம் 2013ல் 29 கோடியாகச் சரிந்தது. ஒரே தடவையில் வர வேண்டிய பணம் மாதாமாதம் சொட்டுச் சொட்டாக வந்ததுதான் காரணம். ஆனால் சொட்டு நிற்கவில்லை. 2013ல் சுமார் 400 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2024ல் 2,150 கோடியைத் தாண்டியது. அதில் 90 சதவிகிதத்துக்கும் மேல் சந்தாப் பணம். இதைப் பார்த்தபின் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கட்டட வரைபடங்களுக்கான ஆட்டோகேட் மென்பொருளைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமும் 2016ல் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திவிட்டது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய முறையில் ஒவ்வொரு ஒன்றரை, இரண்டு வருடத்துக்கும் ஒரு புதிய பதிப்பைக் கொண்டுவந்து, “இதை வாங்குங்கள்” என்று பழைய வாடிக்கையாளரிடமே மறுபடி போய் நிற்க வேண்டும். அதற்காகவே தேவையில்லாத ஜிகினா வேலைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. குறை இருந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். சந்தா முறையில் திருத்தங்கள் உடனுக்குடன் வருகின்றன. கம்ப்யூட்டர் மாறினாலும், அதன் இயக்க முறை மாறினாலும் மென்பொருள் ஈடுகொடுக்கிறது. புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கு 699 டாலர் கொடுத்து போட்டோஷாப் வாங்குவது மலை. மாதம் 20 டாலர் என்றால் ஏறிவிடலாம். திருட்டுக் குறுந்தகடு வாங்கிய பலரை முறையான வாடிக்கையாளராக்கியது இந்தச் சின்னத் தொகைதான்.

இனி கணக்கைப் பார்ப்போம். 2013ல் போட்டோஷாப் மட்டும் மாதம் சுமார் 20 டாலர். 35 மாதங்களில் அது பெட்டியின் விலையைத் தொட்டுவிடும். எல்லா மென்பொருள்களும் அடங்கிய சிஎஸ்6 பெரிய தொகுப்பின் விலை 2,599 டாலர். சந்தாவிலோ மாதம் 50 டாலர். நான்கு வருடம் நான்கு மாதத்தில் இரண்டும் சமம். அதற்குள் இரண்டு புதிய பதிப்புகளை வாங்கக்கூடிய பெரிய ஸ்டூடியோவுக்குச் சந்தா லாபம்தான். போட்டோஷாப்பின் பழைய பதிப்பை வைத்திருந்தவர் புதியதுக்கு மாறக் கொடுத்தது 199 டாலர். சிக்கனக்காரர் ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததை வாங்குவார். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை 199 டாலரில் காலம் தள்ளியவர் 2013ல் வருடத்துக்கு 240 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆக, இந்த ஏற்பாடு புதியவருக்கு வாசலைத் திறந்தது, பணக்காரருக்குப் பாதிப்பில்லை, சிக்கனமானவரைத்தான் தண்டித்தது. நம் நாட்டுச் சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் அந்த மூன்றாவது ரகம்.

மேலும், வாடகை என்றால் ஏறத்தானே செய்யும்? 2012ல் 50 டாலராகத் தொடங்கிய முழுத் தொகுப்பின் மாதச் சந்தா 2025ல் அமெரிக்காவில் 70 டாலரானது. செயற்கை நுண்ணறிவு வசதிகள் சேர்ந்திருக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். புகைப்படக்காரர்களைச் சமாதானப்படுத்த 2013ல் கொண்டுவந்த பத்து டாலர் திட்டமும் 2025 ஜனவரியிலிருந்து புதியவர்களுக்குக் கிடையாது. பெட்டி வாங்கியவரிடம் யாரும் இரண்டாம் முறை வந்து விலையைக் கூட்ட முடியாது. வாடகைதாரரிடம் வருடாவருடம் வரலாம்.

ஆனாலும் என் நண்பரின் பிரச்னை விலை அல்ல. மாதச் சந்தாவை அவர் பல வருடங்கள் முணுமுணுக்காமல் கட்டியவர். அவரைக் காயப்படுத்தியது வெளியே வந்தபின் நடந்தது. வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தால் சைக்கிள்தான் போகும்; அதில் போய்வந்த வேலை போகாது. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் சாப்பிட்ட சாப்பாட்டை யாரும் திரும்பக் கேட்பதில்லை. மென்பொருள் வாடகையில் மட்டும் கருவியோடு சேர்ந்து அதில் செய்த வேலையும் பூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனியாக ஒரு கோப்பு வடிவம். அதை முழுமையாகத் திறந்து திருத்த அந்த மென்பொருளே வேண்டும். அச்சுக்குப் போன பிரதி கையில் இருக்கும். ஆனால் அது சுட்ட செங்கல். திருத்துவதற்கு வேண்டியது களிமண், அது பூட்டுக்குள்.

இதைத் தவிர்க்க முடியாத தொழில்நுட்பச் சிக்கல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடோபியே தன் லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் வேறு வழி வைத்திருக்கிறது. சந்தா முடிந்தாலும் அது திறக்கும். படங்களைப் பார்க்கலாம், வரிசைப்படுத்தலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம். மெருகேற்றும் முக்கியப் பகுதிதான் மூடப்பட்டிருக்கும். இது கௌரவமான ஏற்பாடு. கடைக்காரர் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். உங்கள் சரக்கை உங்களிடமே விட்டுவிடுகிறார். ஒரு மென்பொருளில் முடிவது மற்றவற்றில் ஏன் முடியாது?

பழைய முறையைப் பொற்காலம் என்று நினைத்து ஏங்குவதிலும் அர்த்தமில்லை. நம் ஊர் டிடிபி மையங்களை வாழவைத்த பேஜ்மேக்கர் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எத்தனையோ புத்தகங்களும், கோயில் கும்பாபிஷேக மலர்களும், கல்யாணப் பத்திரிகைகளும் அதில்தான் உருவாயின. அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2001ல் வந்தது. பிறகு வளர்ச்சி நின்றுபோனது. அதன் கோப்புகளை இன்டிசைன் மென்பொருள் திறந்துகொண்டிருந்தது, சிஎஸ்6 பதிப்பு வரை. அதற்குப் பின் வந்த சந்தாப் பதிப்புகள் திறப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியும் காலத்தில் அநாதையாகிவிடுகிறது. குறுந்தகடு கையில் இருந்தாலும், அதை நிறுவ நிறுவனத்தின் கம்ப்யூட்டரிடம் அனுமதி பெற வேண்டிய பதிப்புகள் உண்டு. சிஎஸ்2 பதிப்புக்கு அந்த அனுமதி தரும் ஏற்பாடு 2012 கடைசியில் மூடப்பட்டது. அப்போது அடோபி பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுமதி தேவைப்படாத பிரதி ஒன்றைக் கொடுத்தது. கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அது நிறுவனத்தின் நல்ல மனசு. ஆக, ‘சொந்தம்’ என்பதும் அப்போதே முக்கால் சொந்தம்தான். வாடகை அதைக் கால் ஆக்கியது.

அந்தக் காலிலும் கை வைக்கலாம் என்பதற்கு 2019ல் இரண்டு சம்பவங்கள். மே மாதம், கிரியேட்டிவ் கிளவுடின் சில பழைய பதிப்புகளைப் பயன்படுத்திக்கொண்டிருந்த சந்தாதாரர்களுக்கு, இனி அவற்றைப் பயன்படுத்த உரிமை இல்லை, தொடர்ந்தால் மூன்றாம் தரப்பினர் உரிமை மீறல் என்று வரக்கூடும் என்று அடோபி கடிதம் அனுப்பியது. ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு! அக்டோபரில் இன்னும் பெரியது. வெனிசுவேலா மீது அமெரிக்க அரசு விதித்த தடை ஆணையைக் காட்டி, அந்த நாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. கெடு தேதியான அக்டோபர் 28 அன்று அமெரிக்க அரசிடம் உரிமம் கிடைத்ததால் தப்பினார்கள். காரகாஸில் போஸ்டர் வரைந்துகொண்டிருந்த ஓவியருக்கும் வாஷிங்டன் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்? தூரிகை வாடகைக்கு வந்தது என்பதுதான் சம்பந்தம்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வங்கி அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் உறுதி செய்ய வேண்டும். 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. நுகர்வோரைக் காக்கும் நல்ல விதிதான். ஆனால் தொடக்கத்தில் வங்கிகளும் நிறுவனங்களும் தயாராக இல்லாததால் பலருடைய சந்தாக்கள் தடைபட்டன. பணம் இருந்தும் கருவி நிற்கலாம் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. சீசன் தொழில் செய்பவர்களுக்கு வேறொரு கஷ்டம். தை, ஆவணியில் கையில் காசு புரளும். மார்கழியில் ஈ ஓட்டுவார்கள். மாதச் சந்தாவுக்கு மார்கழி தெரியாது.

“அந்த மாதம் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே?” என்று கேட்கலாம். அங்கேதான் பொடி எழுத்து. குறைந்த விலைத் திட்டங்கள் பல, பார்வைக்கு மாதச் சந்தா. உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம், கட்டுவது மட்டும் மாதாமாதம். நடுவில் விலகினால் மீதித் தொகையில் ஒரு பங்கை அபராதமாகக் கொடுக்க வேண்டும். இந்த அபராதத்தை வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் வைத்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் குற்றம் சாட்டி 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. இந்தியாவிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், நுகர்வோரை மயக்கும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டன. அதில் ‘சந்தாப் பொறி’யும் ஒன்று. சேருவது ஒரு சொடுக்கு, விலகுவது ஒன்பது படி என்றால் அது பொறி என்று நம் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

மாற்று இல்லையா? இருக்கிறது. சினிமா எடிட்டிங்குக்கான டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு உண்டு. கூடுதல் வசதிகள் கொண்ட பதிப்பை ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கலாம். பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் ‘அஃபினிட்டி’ மென்பொருள்களை ஒரே விலைக்கு, சந்தா இல்லாமல் விற்றுப் பெயர் வாங்கியது. 2024ல் அதை ஆஸ்திரேலியாவின் கேன்வா வாங்கியபோது, நிரந்தர உரிமம் தொடரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் புதிய அஃபினிட்டியை இலவசமாகவே அறிவித்தார்கள், விற்பனை நின்றது, பயன்படுத்த கேன்வா கணக்கு வேண்டும். இலவசம் என்றால் சந்தோஷம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு இருக்கும் உரிமை, தானம் வாங்கியவருக்கு இருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

அதைவிட உறுதியான வழி பிளெண்டர். முப்பரிமாணப் படங்களுக்கான இந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதன் கர்த்தாவான டான் ரூசெண்டால் 2002ல் பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கினார். ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. முதலீட்டாளர்களிடமிருந்து உரிமையை மீட்டு, மூல நிரலோடு பொதுச் சொத்தாக்கிவிட்டார்கள். அதில் உருவான ‘ஃப்ளோ’ என்ற லாத்வியப் படம் 2025ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. இலவச மென்பொருளில் தரமான வேலை வராது என்ற பேச்சு அன்றோடு செல்லாக்காசாகிவிட்டது.

ஆனால் தரியாகஞ்சில் உள்ள என் நண்பரை நாளையே மாறு என்று சொல்வது எளிதல்ல. பதிப்பகங்கள் கேட்கும் கோப்பு வடிவம் ஒன்று, அச்சகத்துக்குப் பழகியது அதே ஒன்று, 20 வருடமாக விரல்களுக்குப் பழகிய குறுக்குவழிகளும் அதிலேயே. சந்தா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது பலருக்கு உதவுகிறது. நிறுவனங்களும் பிழைக்க வேண்டும். சொல்ல வருவது ஒன்றுதான். கருவியை வாடகைக்கு விடுங்கள். அதில் செய்த வேலையைப் பிணையாகப் பிடிக்காதீர்கள். சந்தா முடிந்தவர் தன் பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கவும், அச்சிடவும், வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் எடுத்துச் செல்லவும் வழி இருக்க வேண்டும். லைட்ரூமில் கொடுத்ததை எல்லாவற்றிலும் கொடுங்கள் என்பது பெரிய கோரிக்கை அல்ல. பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் மக்கள் வரிப்பணத்தில் மென்பொருள் எடுக்கும் அரசுகள், இதை டெண்டரில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தாலே நிறுவனங்கள் காது கொடுக்கும். சந்தாப் பொறியைச் சட்டத்தில் சேர்த்தவர்களுக்கு இதைச் சேர்ப்பது கஷ்டமல்ல.

நண்பர் கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டினார். தனி மாதத்துக்கு விலை அதிகம். கூடவே 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. 11 திருத்தங்களும் முதல் நாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டன. அடுத்த வாரம் போனபோதும் அவர் அதே மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதாவது புது வேலையா என்று கேட்டேன். இல்லை என்றார். 14 வருடக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வேறு வடிவில் மாற்றிச் சேமித்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் 22 நாள் இருக்கு சார். அதுக்குள்ள என் சாமான எல்லாம் எடுத்துடணும்.”